பிரேக் பிடிக்குமா?

ஒரு மலையூரில் கோல்ஃப் மைதானம் ஒன்று இருந்தது. அங்கே ஒரு பேட்டரி வண்டி இருந்தது. உடம்பெல்லாம் பழுப்பு, முகத்தில் மட்டும் மஞ்சள் என்பதால் எல்லாரும் அதை மைனா என்று கூப்பிட்டார்கள்.

மைனா பிறந்தபோது அதில் இரண்டு இருக்கைகள்தான். பந்தடிக்க வருகிறவர்கள் இரண்டு பேர், பின்னால் அவர்களுடைய மட்டைப் பை, அவ்வளவுதான் பாரம். பிறகு யாருக்கோ ஒரு யோசனை வந்தது. உடம்பை வெட்டி நீட்டினார்கள், பின்னால் இன்னும் நான்கு இருக்கை போட்டார்கள், கூரையும் மாட்டினார்கள். பிரேக்கை மட்டும் யாரும் நினைக்கவில்லை. ஆள் ஏற்றுகிறவர்களுக்கு எப்போதும் இருக்கைதான் முதலில் ஞாபகம் வரும்.

மைனாவின் பின்சக்கரங்களுக்குள் டிரம் பிரேக் இருந்தது. முன்சக்கரங்களில் ஒன்றுமே கிடையாது. இடது, வலது என்று டிரம் இரண்டு பேர்தான். ஆனால் இருவருக்கும் ஒரே பேச்சு, ஒரே கோபம் என்பதால் ஒருவர் என்றே வைத்துக்கொள்வோம்.

ஏழாம் குழிக்குப் போகிற வழியில் ஒரு சரிவு. சரிவின் அடியில், தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் கொழுந்து மூட்டையோடு குறுக்கே போகும் பாதை. அதைத் தாண்டினால் கம்பி வேலி. வேலிக்கு அப்பால் பள்ளம். மைனா மேலே தலை காட்டினால் போதும், அந்தப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு, ஒருத்தி கையை ஒருத்தி இழுத்துக்கொண்டு ஓரமாக நின்றுவிடுவார்கள். வண்டி திரும்பிப் போன பிறகுதான் மூச்சும் பேச்சும் திரும்ப வரும்.

வண்டியை ஓட்டியவள் வசந்தாமணி. அதே மைதானத்தில் வருஷக்கணக்காகப் புல் பிடுங்கியவள். குனிந்தே கிடந்த முதுகை நிமிர்த்தி, ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தது அவளுக்குச் சாதாரணக் காரியமில்லை. காலையில் வண்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் ஏறுவாள்.

ஒரு மழைநாளில் ஆறு பேரோடு சரிவில் இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. மைனா பாதையைக் கடந்து வேலியில் முட்டி நின்றது. நல்லவேளை, பாதையில் யாரும் இல்லை.

மைதானத்துச் செயலாளர் குடையோடு வந்து பார்த்தார். "இன்னொரு தடவை இந்த வண்டி நிக்காமப் போச்சுன்னா, நேரா இரும்புக் கடைதான். நீயும் பழையபடி புல்லுப் பிடுங்கப் போக வேண்டியதுதான்" என்றார்.

அன்று கொட்டகையில் டிரம் பொருமித் தீர்த்தது. "இரண்டு பேரை நிறுத்தத்தான் என்னைச் செய்தார்கள். ஆறு பேரை ஏற்றிவிட்டு என்னைத் திட்டினால் எப்படி? உள்ளே தண்ணீர் வேறு புகுந்துவிட்டது. யாராவது கேட்டார்களா?"

மைனா வலித்த முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது.

மறுவாரம் மெக்கானிக் அல்போன்ஸ் ஓர் அட்டைப் பெட்டியோடு வந்தார். சக்கரங்களைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்குத் தெச்ச சட்டைய ஆறு பேரு போட்டா கிழியாம என்ன பண்ணும்? முன்சக்கரத்துக்கு டிஸ்க் போட்டுரலாம் வசந்தா" என்றார்.

"அதப் போட்டா நிக்குமாங்ணா?"

"நிக்கும். நீ சொன்ன எடத்துல நிக்கும்."

பெட்டிக்குள் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிக்கொண்டு படுத்திருந்தது டிஸ்க். அதுவும் இரண்டு பேர், ஒரே பேச்சு. வட்டமான இரும்பு முகம், முகத்தில் வரிசையாகத் துளைகள். துடைத்து வெளியே வைத்ததும் கொட்டகையே ஒரு நிமிஷம் பளிச்சென்றது. டிஸ்க் வெளிநாட்டில் பிறந்தது, பேச வந்தாலும் தமிழ்ச் சொற்களின் பொருள் கொஞ்சம் தட்டுத் தடுமாறும். பின்னால் நடந்த கூத்தில் பாதிக்கு அதுதான் காரணம்.

டிரம் புதியவனை ஏற இறங்கப் பார்த்தது. "நீ எப்படி நிறுத்துவாய்?"

"நான் சக்கரத்தோடு சுற்றுவேன். பேடுகள் என்று இரண்டு பிரேக் கட்டைகள் வந்து என்னை இரண்டு பக்கமும் கவ்வும். நான் நின்றால் சக்கரம் நிற்கும். நீங்கள்?"

"நான் கூட்டுக்குள் இருந்துகொண்டு சுவரை முட்டித் தள்ளுவேன்."

"சூடாகாதா?"

"ஆகும்."

"அந்தச் சூட்டை என்ன செய்வீர்கள்?"

"என்ன செய்வது? வைத்துக்கொள்வேன்."

டிஸ்க் உண்மையாகவே வியந்துபோனது. "என்னால் முடியாது. எனக்கு அவ்வப்போது காற்றில் விட்டுவிட வேண்டும். அதனால்தான் என்னைத் திறந்த வெளியில் வைத்திருக்கிறார்கள்" என்றது.

டிரம்முக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. அதன் பயம் வேறு. அல்போன்ஸ் ஸ்பானரோடு பின்சக்கரத்துப் பக்கம் வந்தபோது அதற்கு உயிரே போயிற்று. அவர் தட்டிப் பார்த்தார், திறந்து சுத்தம் செய்தார், மறுபடி மூடினார்.

"இது இருக்கட்டும். முன்னாடி அது புடிக்கட்டும், பின்னாடி இது புடிக்கட்டும். ஹேண்ட் பிரேக்குக்கும் இதுதான் வேணும்" என்றார். டிரம் தன் வாழ்நாளில் கேட்ட முதல் நல்ல வார்த்தை அது.

பிறகு அல்போன்ஸ் வேலை செய்த அழகைச் சொல்லித்தான் ஆக வேண்டும். முன்சக்கரத்தின் பழைய நடுப்பகுதியைக் கழற்றி, புதியதை ஏற்றி, டிஸ்க்கை மாட்டி, விரலால் மெல்லச் சுற்றிவிட்டார். காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டார். எங்கோ ஒரு மயிரிழை உரசல். கழற்றினார், அடியில் ஒட்டியிருந்த துளித் துருவைச் சுரண்டினார், திரும்ப மாட்டினார். இப்போது டிஸ்க் சத்தமே இல்லாமல் சுற்றியது. பெடலிலிருந்து முன்சக்கரம்வரை மெல்லிய குழாய் இழுத்து, அதில் பிரேக் ஆயிலை ஊற்றினார்.

எல்லாம் முடிந்து வசந்தாமணி பெடலை மிதித்தாள். பெடல் பஞ்சுமூட்டைபோல உள்ளே போயிற்று.

குழாய்க்குள் பிரேக் ஆயில் முணுமுணுத்தது. "வழியில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்."

"நான்தான்" என்றது காற்று. "என்னால் யாருக்கும் தொந்தரவில்லை. யார் அழுத்தினாலும் ஒதுங்கி இடம் கொடுப்பேன். எல்லாரும் என்னை நல்லவன் என்பார்கள்."

"நல்லவன்தான் அப்பா. ஆனால் நான் சேதி கொண்டுபோகிறவன். அவள் காலால் சொன்னதைச் சக்கரத்திடம் அப்படியே சொல்ல வேண்டும். நீ நடுவில் இருந்தால் பாதிச் சேதி உன் பணிவிலேயே கரைந்துவிடுகிறது."

வெளியே அல்போன்ஸ் சக்கரத்தடியில் உட்கார்ந்துகொண்டு குரல் கொடுத்தார். "மிதி. மிதிச்சுப் புடி. விடாத, விடாத. ம், விடு. மறுபடி மிதி."

ஒவ்வொரு மிதிக்கும் காற்று கொப்புளம் கொப்புளமாக வெளியேறியது. போகும்போதும் அது யாரையும் குறை சொல்லவில்லை. கடைசிக் கொப்புளம் போனதும் பெடல் கல்போலக் கெட்டியாயிற்று.

வெள்ளோட்டம் அதே சரிவில். வசந்தாமணி நடுச்சரிவில் காலை வைத்தாள். மைனா ஒரு முனகல்கூட இல்லாமல் நின்றது. அவள் இன்னொரு முறை ஓட்டினாள், நிறுத்தினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு.

"அண்ணா, நல்லாப் புடிக்குதுங்ணா!" என்று கத்தினாள்.

டிஸ்க்குக்குப் புல்லரித்தது. "கேட்டீர்களா? பிடிக்கிறதாம்! அவளுக்கு என்னைப் பிடிக்கிறதாம்!"

டிரம் திருத்தலாம் என்று வாயெடுத்தது. பாவம், புதியவன், சந்தோஷப்பட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டது.

அன்றிலிருந்து வருகிறவர்கள் எல்லாம் குனிந்து டிஸ்க்கைப் பார்த்தார்கள். "பிரேக் பிடிக்குமா?" என்று கேட்பார்கள். "சூப்பராப் புடிக்கும்" என்பாள் வசந்தாமணி. ஒவ்வொரு முறையும் டிஸ்க் மகிழ்ந்துபோகும். சும்மா சொல்லக் கூடாது, அது பாராட்டுக்குத் தகுந்த வேலைதான் செய்தது. ஆறு பேர் பாரத்தை இரண்டு முகத்தில் வாங்கியது. கொட்டும் மழையில் ஒரே சுற்றில் தண்ணீரை உதறிவிட்டுப் பிடித்தது. பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்த டிரம், ஒருநாள் தாங்க முடியாமல் சொல்லிவிட்டது.

"உன் பக்கத்தில் வேலை செய்ய எனக்குப் பெருமையாக இருக்கிறது. பொறாமையும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்."

ஐப்பசி நெருங்கியது. மலையில் பனியும் தூறலும் மாறி மாறி வந்தன. இரவு முழுக்க ஈரத்தில் நின்றால் காலையில் டிஸ்க்கின் முகத்தில் மெல்லிய துரு படியும். அது இயல்புதான், இரண்டு தடவை பிரேக் போட்டால் பேடுகளே துடைத்துவிடும். வசந்தாமணிக்கு அது தெரியாது. பெற்ற பிள்ளைக்குச் சிரங்கு வந்ததுபோலத் துடித்துப் போனாள்.

ஆயுத பூஜை வந்தது. மைதானத்தில் புல் வெட்டும் கத்தியிலிருந்து மண்வெட்டிவரை எல்லாவற்றையும் கழுவி, துரு ஏறாமல் எண்ணெய் தடவி, பொட்டு வைப்பது வழக்கம். வசந்தாமணி மைனாவைக் குளிப்பாட்டினாள். கூரையில் மாலை போட்டாள். அப்புறம் டிஸ்க்குக்கு முன்னால் உட்கார்ந்து, உள்ளங்கையில் தேங்காய் எண்ணெயை ஊற்றி, அதன் முகம் முழுக்கத் தேய்த்தாள். துரு போயிற்று, முகம் கண்ணாடி மாதிரி மின்னியது. அதன்மேல் சந்தனம், சந்தனத்தின்மேல் குங்குமம்.

"சாமி மாதிரி இருக்கே கண்ணு" என்றாள்.

குழாய்க்குள்ளிருந்து பிரேக் ஆயில் பதறியது. "ஏய், யார் அங்கே உன் முகத்தில்? எண்ணெய் இருக்க வேண்டிய இடம் குழாய்க்குள்ளே! வெளியே இல்லை!"

"உங்களுக்கு ஏன் வயிறு எரிகிறது? உங்களை யாரும் பார்ப்பதில்லை என்றா?" என்றது டிஸ்க்.

சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து மைனாவை ஓரடி நகர்த்தினார்கள். பழம் நசுங்கியது. எண்ணெய் டிஸ்க்கிலிருந்து பேடுகளுக்கும் ஏறியது.

மறுநாள் காலை பனி இறங்கியிருந்தது. மாலையும் பொட்டுமாக மைனா ஆறு பேரை ஏற்றிக்கொண்டு சரிவின் தலைக்கு வந்தது. வசந்தாமணி வழக்கமான இடத்தில் காலை வைத்தாள். பெடல் கெட்டியாகத்தான் இருந்தது. ஆயில் சேதியை ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுபோயிற்று. பேடுகள் கவ்வின. கவ்விய வேகத்தில் வழுக்கின.

மைனா வேகம் பிடித்தது.

"ஐயோ, பிரேக் புடிக்கல!" என்று அலறினாள் வசந்தாமணி.

டிஸ்க் நொறுங்கிப் போயிற்று. "நேற்றுதானே பொட்டு வைத்தாள்! அதற்குள் என்னைப் பிடிக்காமல் போய்விட்டதா?"

"அட மடையா!" என்று கத்தியது டிரம். "உன்னைப் பிடிக்குமா பிடிக்காதா என்பதல்ல பேச்சு. நீ பிடிக்கவில்லை என்கிறாள்! பிடி!"

அப்போதுதான் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு என்று டிஸ்க்குக்கு உறைத்தது. எத்தனை பேர் எத்தனை முறை கேட்டார்கள்! யாருமே அதன் அழகைக் கேட்கவில்லை.

"எப்படிப் பிடிப்பேன்? முகமெல்லாம் வழுக்குகிறதே!" என்று அழுதது.

பனிக்குள் கீழே உருவங்கள் தெரிந்தன. தோட்டத்துப் பெண்கள். மற்றவர்கள் ஓரம் பாய்ந்துவிட்டார்கள். தலையில் மூட்டையோடு ஒருத்தி மட்டும் பாதை நடுவில் திகைத்து நின்றுவிட்டாள்.

டிரம் இருந்த பலத்தையெல்லாம் திரட்டிச் சுவரை முட்டியது. கருகிய நாற்றம் வந்தது. நிறுத்த முடியவில்லை, ஆனால் வேகத்தைக் கொஞ்சம் பிடித்து இழுத்தது. அந்தக் கொஞ்சம் போதுமாயிருந்தது. வசந்தாமணி ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துக்கொண்டு ஸ்டியரிங்கை ஒடித்தாள். பாதைக்கு இந்தப் பக்கம் மணல் குழி ஒன்று இருந்தது. பந்து அதில் விழுந்தால் பெரிய மனிதர்கள் எல்லாம் முகம் சுளிப்பார்கள். மைனா அதற்குள் முகம் குப்புறப் போய்ப் புதைந்து நின்றது.

ஒருவருக்கும் அடியில்லை. மூட்டை வைத்திருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இந்த மைதானத்தில் யாருக்குமே என்னைப் பிடிக்காது" என்றது மணல். "ஆனால் நான் பிடித்தேனா, இல்லையா?"

டிஸ்க்கின் எண்ணெய் முகத்தில் மணல் அப்பிக் கிடந்தது.

செயலாளர் ஓடி வந்தார். வண்டியைப் பார்த்தார், பயணிகளைப் பார்த்தார், கடைசியில் வசந்தாமணியைப் பார்த்தார். "புது பிரேக் போட்டும் பிடிக்கலையா? அந்த மெக்கானிக் மேல தப்பா? இல்ல, சாமானே சரியில்லையா?"

எதற்கு வேண்டுமானாலும் தலையாட்டியிருக்கலாம். ஆட்டியிருந்தால் அவள் தப்பித்திருப்பாள், மைனா இரும்புக் கடைக்குப் போயிருக்கும். வசந்தாமணி தன் விரலைப் பார்த்தாள். இன்னும் சந்தனம் மணத்தது.

"சாமானும் நல்ல சாமான், மாட்டினவரும் நல்லாத்தான் மாட்டினாருங்க சார்" என்றாள். குரல் உடைந்தது. "நான்தான் நேத்து அதுக்கு எண்ணெ பூசிப் பொட்டு வெச்சேன். எனக்கு அத ரொம்பப் புடிச்சுப் போச்சுங்க. அதனாலதான் அது புடிக்கல."

செயலாளர் கோபத்தோடு வாயைத் திறந்தார். அவள் தப்பைத் தன்மேலேயே போட்டுக்கொண்டாள் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. திறந்த வாய் திட்ட மறந்து வேறு சொல்லிற்று.

"அல்போன்ஸ வரச் சொல்லு. சரிபண்ணினதும் முதல்ல நான்தான் ஏறுவேன். அப்பவும் நிக்கலன்னா, நான் சொன்னது சொன்னதுதான்."

அல்போன்ஸ் வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "எண்ணெ பூசக் கூடாதுன்னு சொல்லணும்னே எனக்குத் தோணலையே, தாயி!" எண்ணெய் குடித்த பேடுகளைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியவை மாட்டினார். டிஸ்க்கைக் கழுவித் துடைத்து, உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

"வலிக்கிறதா?" என்று கேட்டது உப்புத்தாள்.

"வலிக்கிறது. நிறுத்திவிடாதே" என்றது டிஸ்க்.

பின்னாலிருந்த டிரம்முக்கு அந்தப் பதிலைக் கேட்டதும் டிஸ்க் பளபளத்தபோது ஏற்படாத மதிப்பு இப்போது ஏற்பட்டது.

செயலாளர் முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தார். பின்னிருக்கைகளில் மணல் மூட்டைகளை ஏற்றச் சொன்னார், ஆறு பேர் பாரத்துக்கு. சரிவின் தலையில் கம்பியைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டு, "இப்பப் பிடிக்குமா?" என்று கேட்டார்.

"புடிக்கும் சார்" என்றாள் வசந்தாமணி.

இறங்கினாள். நடுச்சரிவில் காலை வைத்தாள். கால் சொன்னதை ஆயில் சொன்னது, ஆயில் சொன்னதைப் பேடுகள் கேட்டன. டிஸ்க் சொரசொரத்த முகத்தை இரண்டு பக்கமும் கொடுத்தது. பின்னால் டிரம்மும் தோள் கொடுத்தது. மைனா நின்றது.

செயலாளர் கம்பியிலிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்தார். "ம், பிடிச்சிருக்கு" என்றார்.

எந்தப் பொருளில் சொன்னார் என்று டிஸ்க் கேட்கவில்லை.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. சந்தனக் கிண்ணத்தோடு வசந்தாமணி நெருங்கியபோது டிஸ்க் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டது. அவள் அதைக் கடந்து பின்னால் போய், டிரம்மின் வெளிமூடியில் ஒரு பெரிய பொட்டு வைத்தாள். டிரம் வெட்கத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தது. பிறகு அவள் முன்னால் வந்து, உலர்ந்த துணியால் டிஸ்க்கை ஒரு துடை துடைத்தாள்.

"உனக்கு ஒண்ணும் கெடையாது கண்ணு" என்றாள். அந்தக் குரலில் இருந்ததை எந்தச் சந்தனத்திலும் குழைக்க முடியாது.

"வருத்தமா?" என்று கேட்டது டிரம்.

"கொஞ்சம் இருக்கிறது" என்றது டிஸ்க். பொய் சொல்லத் தெரியாது அதற்கு.

மறுநாள் காலை மைனா ஆறு பேரோடு சரிவில் இறங்கியது. அடியில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் கொழுந்து மூட்டையோடு வந்துகொண்டிருந்தார்கள். போன வருஷம் பாதை நடுவில் திகைத்து நின்றவள்தான் முன்னால் வந்தாள். யார் வீட்டுக் கல்யாணத்தைப் பற்றியோ சுவாரசியமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கி மைனாவை ஒருமுறை பார்த்தாள்.

பிறகு பேச்சை நிறுத்தாமலே பாதையைக் கடந்து போனாள்.